இறங்கிய நாளுக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம்

ஆர்.டி. கணக்கு முதிர்ந்து பணம் பெற வருவோரில், சுற்றுலாவுக்கென்றே சேமித்தவர்களை எளிதில் அடையாளம் காணலாம். கல்லூரிக் கட்டணத்துக்கோ காப்பீட்டுத் தவணைக்கோ சேமித்தவர் படிவத்தில் கையொப்பமிட்டதும் புறப்பட்டுவிடுவார். சுற்றுலாவுக்குச் சேமித்தவர் சற்று அமர்ந்து பேசுவார். கைப்பேசியில் எழுதி வைத்துள்ள பயணத் திட்டத்தையும் காட்டுவார். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என ஓராண்டு முழுவதும் கட்டிய பணம் அது. மகிழ்ந்து காட்ட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

அந்தத் திட்டத்தின் முதல் வரி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். "முதல் நாள்: காலை 7 மணி, ரயில் நிலையம். 9 மணி, பூங்கா." இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் உட்பட ஆறு பேர் மூட்டை முடிச்சுகளுடன் விடுதியைக் கண்டடைந்து, பல் துலக்கி, குளித்து, சிற்றுண்டி முடித்து, நகரின் போக்குவரத்தைத் தாண்டி, முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து வாயிலில் நிற்பார்கள் என்பது எழுதப்படாத நம்பிக்கை. கேளிக்கைப் பூங்காவை நாடிச் செல்லும் குடும்பம், வந்திறங்கும் நாளன்று பூங்காவுக்குச் செல்லவே கூடாது என்பது என் துணிபு. நுழைவுச்சீட்டு மறுநாளைக்கே வாங்கப்பட வேண்டும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. பணி மாறுதலில் சில ஆண்டுகள் ஐதராபாத்தில் இருந்தேன். அக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு உறவினர் வருகைக்குக் குறைவே இருந்ததில்லை. சார்மினாரையும் சாலார் ஜங் அருங்காட்சியகத்தையும் காண வந்தவர்களைவிட ராமோஜி பிலிம் சிட்டிக்காக வந்தவர்களே மிகுதி. 1996இல் ராமோஜி ராவ் நிறுவிய அவ்வளாகம் உலகின் மிகப் பெரிய திரைப்பட வளாகம் எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. திரையில் கண்ட அரண்மனைகளையும் வீதிகளையும் நேரில் காண வேண்டும் என்ற ஆவல் எல்லா வயதினருக்கும் இருப்பது இயல்பே. வளாகம் நகருக்குள் இல்லை. ஹயாத்நகரைக் கடந்து விஜயவாடா நெடுஞ்சாலையில் செல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு முழுதும் ஓடிவரும் ரயில் காலையில் வந்து நிற்கும். நாம்பள்ளி, காச்சிகூடா, சிக்கந்தராபாத், இப்போது சர்லப்பள்ளி என இறங்கும் நிலையம் ரயிலுக்கு ஏற்ப மாறும். ரயில் அரை மணி நேரம் தாமதம் என்றே கொள்வோம். விடுதிக்குச் சென்றால், அறை நண்பகல் 12 மணிக்குத்தான் கிடைக்கும் என்பார்கள். இப்போது பல விடுதிகளில் அது 2 மணி ஆகிவிட்டது. மன்றாடிக் கேட்டால் கூடுதல் கட்டணத்தில் ஓர் அறை கிடைக்கும். ஒரே குளியலறை, ஆறு பேர். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம். அடுத்து சிற்றுண்டி. அடுத்து, ஆறு பேரும் அமரக்கூடிய வாடகை வண்டி. இவை யாவும் முடிந்து வளாகத்தின் வாயிலை அடையும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். வாயிலோடும் முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து வளாகத்தின் பேருந்தில் ஏறி உள்ளே யுரேகா எனப்படும் நடுப்பகுதியை அடைய வேண்டும். காட்சி அரங்குகளைச் சுற்றிக்காட்டும் சிவப்பு நிறப் பேருந்துக்கு அங்கே வரிசையில் நிற்க வேண்டும். காலை 9 மணிக்குத் தொடங்கும் உலா வழக்கமான நாள்களில் மாலை 5.30 மணிக்கு நிறைவடைந்துவிடும். சண்டைக்காட்சி முதலிய நிகழ்ச்சிகளுக்குக் குறித்த நேரங்கள் உண்டு. தாமதமாக வந்தவருக்காக அவை காத்திருப்பதில்லை.

வணிகவியல் படித்தவன் என்பதால் இதைக் கணக்காகவும் பார்த்துவிடுகிறேன். கட்டணம் பருவத்துக்கு ஏற்ப மாறும். கணக்குக்கு எளிதாகத் தலைக்கு 1,500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு 9,000 ரூபாய். 9 மணி முதல் 5.30 மணி வரை எட்டரை மணி நேரம். பன்னிரண்டரை மணிக்கு நுழையும் குடும்பத்துக்கு எஞ்சுவது ஐந்து மணி நேரம். கையைவிட்டுப் போன மூன்றரை மணி நேரத்தின் விலை ஏறத்தாழ 3,700 ரூபாய். நடுத்தர விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்குவதற்கான தொகையை இது நெருங்குகிறது. "ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்துகிறோம்" என்று தொடங்கிய திட்டம் அந்த வாடகையை வாயிலிலேயே கொடுத்துவிடுகிறது.

இதனைச் சொன்னால் வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே. "இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு ஒரு நாள் முழுவதும் சும்மா இருப்பதா?" ரயில் கட்டணமும் விடுதி முன்பணமும் செலுத்தியாயிற்று, சும்மா இருந்தாலும் அலைந்தாலும் அவை திரும்ப வரப்போவதில்லை. செலவழித்த பணத்தை ஈடுகட்ட உடம்பை வருத்துவதால் அந்தப் பணம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வணிகத்தில் பெரிய நிறுவனங்களே இந்த இடத்தில் தடுமாறுகின்றன. வராத திட்டத்தில் மேலும் மேலும் பணத்தைப் போடுகின்றன. குடும்பம் பணத்துக்குப் பதில் உறக்கத்தைப் போடுகிறது. அவ்வளவே வேறுபாடு.

உறக்கம் என்றேன். பயணத்துக்கு முந்தைய இரவு வீட்டில் கடைசியாகப் படுப்பவர் யார் என்று ஒவ்வொருவரும் தம் வீட்டை நினைத்துப் பார்க்கலாம். புளியோதரை கிளறி, தயிர்சாதம் கட்டி, மாத்திரைகளை எண்ணி வைத்து, எரிவாயு மூடியிருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டுப் புறப்பட்டவர் அவரே. ரயிலிலும் குழந்தை புரளும்போதெல்லாம் விழித்தவர் அவரே. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கேளிக்கைப் பூங்காவின் நிழல் இருக்கைகளைப் பார்த்தால் அவர் அங்கே உட்கார்ந்தபடியே உறங்குவதைக் காணலாம். பக்கத்தில் முதியவர் ஒருவர் காலணிகளுக்கும் கைப்பைகளுக்கும் காவலாக அமர்ந்திருப்பார். இருவரும் முழுக் கட்டணம் செலுத்தி உள்ளே வந்தவர்கள். யுரேகாவில் இப்படிப்பட்ட வரிசைகளை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மே மாதத்தில் ஐதராபாத்தின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆகவே பெற்றோரை உடன் அழைத்துச் செல்வது இன்று சிறிய செலவன்று. அச்செலவைச் செய்த மகனோ மகளோ அவர்களைப் பைகளுக்குக் காவலாக வைக்க எண்ணியிருக்கமாட்டார்கள். இறங்கிய நாளின் களைப்பு அவர்களை அந்த இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தச் சிக்கலே இல்லை. தில்லியில் 1984ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று திறக்கப்பட்ட அப்பு கர் நகரின் நடுவே, பிரகதி மைதானத்தில் இருந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் அடையாளச் சின்னமான யானைக்குட்டியின் பெயர் அதற்கு. தில்லிவாசிகள் நகரப் பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பினர். 2008இல் அது மூடப்பட்டது. நகரத்தில் நிலம் அரிதாகிவிட, பின்வந்த பூங்காக்கள் ஊரைவிட்டு வெளியே சென்றன. பெங்களூருவின் வொண்டர்லா 2005இல் மைசூரு சாலையில் பிடதி அருகே அமைந்தது. 2013இல் தொடங்கிய இமேஜிகா மும்பைக்கும் புனேக்கும் இடையே கோப்போலியில் உள்ளது. பூங்கா ஒரு மாலைப்பொழுது என்பது போய், பெட்டி கட்டிச் செல்லும் யாத்திரை ஆயிற்று. வந்திறங்கும் நாள் என்ற ஒன்று அப்போதுதான் பிறந்தது. நம் பழக்கம் மட்டும் இன்னும் நகரப் பேருந்தின் காலத்திலேயே நிற்கிறது: இறங்கினால் நேரே உள்ளே.

சரி, அந்த நாளில் என்னதான் செய்வது? முதலில் உறங்குவது. அறை கிடைக்கும்வரை பெட்டிகளை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு அருகில் நல்ல உணவகத்தில் நிதானமாக உண்பது, பிறகு அறை, பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு மாலை நான்கு மணி வரை யாரும் யாரையும் எழுப்பாதிருப்பது. ஐதராபாத் எனில் மாலையில் டேங்க் பண்ட் சாலையில் உசேன் சாகர் ஏரிக்காற்று வாங்கலாம். ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலை ஒரே கல்லில் செதுக்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இரானி தேநீர் ஒரு கோப்பை. அதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம். "வந்ததுதான் வந்தோம், சார்மினாரையும் பார்த்துவிடுவோமே" என்று ஒருவர் தொடங்குவார்; பெரும்பாலும் குடும்பத் தலைவர். சார்மினார் 1591 முதல் அங்கேயே நிற்கிறது. இன்னும் ஒரு நாள் நிற்கும்.

இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் வேலை உண்டு. மறுநாளின் பயன் அதில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நீர் விளையாட்டுகள் உள்ள பூங்கா எனில், பருத்தி ஆடையுடன் நீர்ச்சறுக்குகளில் அனுமதிப்பதில்லை. நைலான் போன்ற துணியில் தைத்த ஆடை வேண்டும். இதனை அறியாது சென்று, வாயிலருகே கடையில் ஐந்து பேருக்கு ஆடை வாங்கிய குடும்பங்கள் பல. இறங்கிய நாள் மாலையில் ஊர்க் கடைவீதியில் அதையே பாதி விலையில் வாங்கிவிடலாம். அடுத்து உயரம். வொண்டர்லா போன்ற பூங்காக்களில் குழந்தைக் கட்டணம் வயதைப் பார்த்து அமைவதில்லை. உயரத்தைப் பார்த்தே அமைகிறது. பெரிய சவாரிகள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். விடுதி அறைச் சுவரில் பிள்ளையை நிறுத்தி அளந்து பார்த்துவிட்டால், எந்தச் சவாரி உண்டு, எது இல்லை என்பது இரவே தெரிந்துவிடும். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபின் அளவுகோலின் முன் அழும் ஒன்பது வயதுப் பிள்ளையைத் தேற்றுவது எளிதன்று. அந்த அழுகைக்குப் பெரும் பங்கு காரணம் ஏமாற்றம். மீதி, முந்தைய இரவு உறங்காமை.

அந்த அரை மணி நேரத்தில் செய்ய வேண்டிய இன்னொன்றை வங்கியாளன் என்ற முறையில் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் உறையில் ஐந்நூறு ரூபாயோ இயன்ற தொகையோ ரொக்கமாகக் கொடுங்கள். மறுநாள் பூங்காவில் பொம்மை, பஞ்சுமிட்டாய், புகைப்படம் எதுவாயினும் அந்த உறையிலிருந்தே, மீந்தால் அவர்களுக்கே. கைப்பேசியில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பணம் செலுத்தும் இக்காலத்தில், பணம் குறைவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பதே இல்லை. தந்தையின் கைப்பேசி ஒலி எழுப்புகிறது; பொம்மை கைக்கு வருகிறது. உறையில் இருக்கும் ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள் மூன்றாகும்போது அவர்களே விலைப்பட்டியலைப் படிக்கத் தொடங்குவதைக் காணலாம். பத்து வயது நிரம்பிய சிறார் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. உறையில் மீந்ததை ஊர் திரும்பியதும் அங்கே செலுத்தலாம். இதைப் பூங்கா வாயிலின் நெரிசலில் தொடங்க முடியாது. முதல் நாள் இரவு, எல்லோரும் குளித்து, பசி தீர்ந்து, கட்டிலில் சாய்ந்திருக்கும்போதுதான் பேச முடியும்.

என் கருத்தை ஏற்காதவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் அலுவலக நண்பர் ஒருவர் எப்போதும் எதிர்வாதம் செய்வார். வங்கி ஊழியர்களுக்கு எல்.எஃப்.சி. சலுகை உண்டு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டின் எப்பகுதிக்கும் செல்லலாம், விடுப்பும் கேட்டுப் பெறலாம். தனியார் கடையில் பணிபுரிபவருக்கு வார விடுமுறையோடு சேர்த்து இரண்டு நாள் கிடைப்பதே அரிது. அவர் சனிக்கிழமை காலையில் இறங்கி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். அவரிடம் போய் "சனிக்கிழமை உறங்குங்கள்" என்பது வசதியுள்ளவன் சொல்லும் அறிவுரை என்பார் நண்பர். இரண்டே நாள் உள்ளவருக்கும் நான் சொல்வது சனிக்கிழமை ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை பூங்கா என்பதுதான். ஞாயிறன்று கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பது மெய்யே. ஆயினும் 9 மணிக்கு வாயிலில் நிற்கும் குடும்பம், கூட்டம் திரளுமுன் பாதியைப் பார்த்து முடித்துவிடும். ஞாயிறு மாலை களைத்தபின் ரயிலேறி உறங்குவதற்குக் களைப்பு உதவியே செய்யும். ஒரே நாள் மட்டும் உள்ளவர்கள், கல்லூரி நண்பர் குழுக்கள், அதிகாலை 5 மணிக்கே இறங்கி ரயில் நிலையத்திலேயே குளித்துத் தயாராகிவிடும் பள்ளிச் சுற்றுலாக்கள் ஆகியோருக்கு என் வாதம் பொருந்தாது. குடும்பத்தில் அறுபதைக் கடந்தவரோ ஆறு வயதுக்குட்பட்டவரோ ஒருவர் இருந்தாலும் பொருந்தும்.

அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் பெற்றோர் பலர் ஆர்லாண்டோவுக்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இன்று நான்கு கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளன. நாள் கணக்கில் கட்டணம். அங்கே பலமுறை சென்று பழகிய அமெரிக்கக் குடும்பங்களில் பல, விமானத்தில் வந்திறங்கும் நாளுக்குப் பூங்காச் சீட்டு வாங்குவதே இல்லை. பிள்ளைகளை விடுதியின் நீச்சல் குளத்தில் விட்டுவிடுவர். மாலையில் நுழைவுச்சீட்டு தேவைப்படாத டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் உண்டு திரும்புவர். மூன்று மணி நேரப் பயணத்தில் வந்தவர்களே இப்படி என்றால், கோயம்புத்தூரிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து, ஒன்பதரை மணி நேர வேறுபாட்டையும் சுமந்து வந்திருக்கும் தாய் தந்தையரை மறுநாளே மேஜிக் கிங்டம் வாயிலில் நிறுத்துவது முறையாகுமா? மகன் கேட்டால் "எனக்கு ஒன்றும் களைப்பில்லை" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்ப வேண்டியதில்லை.

முன்பதிவைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்பிருந்த 120 நாள் அவகாசம் இப்போது இல்லை. ஆகவே விடுதியையும் ரயிலையும் ஒரே வாரத்தில் முடிவு செய்துகொள்ளலாம். பகல் ரயிலில் சென்று மாலையில் இறங்க முடிந்தால் அதுவே மிகச் சிறந்தது. உண்டு உறங்குவதைத் தவிர வேறு எண்ணத்துக்கு இடமிராது. இரவு ரயில்தான் என்றால், விடுதியைப் பதிவு செய்யுமுன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். காலை 8 மணிக்கு வந்தால் அறை கிடைக்குமா, அதற்குக் கூடுதல் தொகை எவ்வளவு, கிடைக்காவிட்டால் பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா. இணையதளத்தில் இருநூறு ரூபாய் மலிவாகத் தெரியும் விடுதி, இந்த மூன்றாம் கேள்விக்கு "இல்லை" என்றால் அது மலிவன்று. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள ஓய்வறைகளைப் பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். முதியவர்கள் காலையில் இரண்டு மணி நேரம் படுக்க அது போதும். பெட்டிகளை நிலையத்தின் கிளோக் ரூமில் வைக்கலாம். பூட்டாத பெட்டியை அங்கே ஏற்கமாட்டார்கள். பூட்டுகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.